ஓடுவதும் ஓட்டுவதும்: ‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ‘ரன்’ என்ற சின்னச் சொல்லுக்கு 645 பொருள் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது உண்மையா என்று கேட்கிறீர்கள். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. தமிழ்வழியில் படித்து, இப்போது ஒரு சரக்குக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறீர்கள். மேலாளர் அனுப்பிய ஒரே செய்தியில் மூன்று ‘ரன்’ இருந்தது. மூன்றும் வேறு வேறு மாதிரி தெரிந்தது. அகராதியைப் பார்த்தால் முதல் பொருள் ‘ஓடு’ என்று இருக்கிறது, செய்தியிலோ யாரும் ஓடவில்லை. இத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியுமா, இல்லை இந்த மொழி எனக்கு வராமலே போய்விடுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: வரும், மனப்பாடமும் தேவையில்லை. ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருபத்து நான்கு வருஷமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். முதலில் நாளிதழில் இரவுப் பணி, அப்புறம் மருந்துப் பெட்டிக்குள் வைக்கும் தாள்கள், இப்போது பெரும்பாலும் செல்பேசிச் செயலிகள். மொழிவரலாறு என் துறை அல்ல. சொற்களின் பழைய கதைக்கு நானும் நல்ல அகராதிகளைத்தான் நம்புகிறேன். ஆனால் ‘ரன்’ என்ற சொல்லோடு கிட்டத்தட்ட தினமும் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் அந்த எண். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு: 430 பொருள், விளக்கமும் எடுத்துக்காட்டுகளுமாகச் சுமார் 60,000 சொற்கள். அப்புறம் மூன்றாம் பதிப்புக்காகப் பழைய பதிவுகளைத் திருத்தி எழுதத் தொடங்கினார்கள். 2011-இல் ‘ரன்’ திருத்தி முடிந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள் என்று செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லுக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் உழைத்தார். ஆக, நீங்கள் படித்தது யாரோ கிளப்பிவிட்ட கதை இல்லை.

ஆனால் அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு சொல்லின் பொருள்களை எண்ணுவது கூடையில் இருக்கிற மாம்பழத்தை எண்ணுவது போல அல்ல. ‘ஆறு ஓடுகிறது’, ‘கண்ணீர் ஓடுகிறது’, ‘குழாயில் தண்ணீர் ஓடுகிறது’ இவை மூன்றும் ஒரு பொருளா, மூன்று பொருளா? ஒரு அகராதியாசிரியர் ஒன்று என்பார், இன்னொருவர் மூன்றாகப் பிரிப்பார். இரண்டு பேருமே தப்பில்லை. அதோடு, ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரலாற்று அகராதி. இன்று யாரும் பேசாத, பழைய ஏட்டில் மட்டும் இருக்கிற பொருளையும் அது விடாது. கப்பலோட்டிகளுக்கு மட்டும் தெரிந்தது, நெசவாளருக்கு மட்டும் தெரிந்தது, சுரங்கத்தில் மட்டும் புழங்கியது எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. லண்டனில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கும் அந்த 645-இல் பாதி தெரியாமல் இருக்கலாம். எனவே, அகராதி அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறது என்பது உறுதி. ஆங்கிலம் பேசுகிறவர் தலைக்குள் 645 அறைகள் இருக்கின்றன என்பது உறுதியில்லை. அப்படி இருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, எப்படி இவ்வளவு கிளை விட்டது? இதற்குத் தமிழ் தெரிந்த நமக்கு ஒரு நல்ல திறவுகோல் கையிலேயே இருக்கிறது. ‘ஓடு’ என்கிறோம், ‘ஓட்டு’ என்கிறோம். மாடு ஓடுகிறது, அவர் மாட்டை ஓட்டுகிறார். தானே செய்வது ஒன்று, பிறிதொன்றைச் செய்ய வைப்பது ஒன்று. உருள் – உருட்டு, ஆடு – ஆட்டு, திரும்பு – திருப்பு. இந்த ஜோடி நமக்கு மூச்சு விடுவது மாதிரி. ஆங்கிலத்தின் தாய்வழியான ஜெர்மானிய மொழிகளிலும் ஒரு காலத்தில் இதே ஏற்பாடு இருந்தது. இன்றைய ஜெர்மன் மொழியில் ‘ரின்னன்’ என்றால் நீர் வழிந்தோடுவது. ‘ரென்னன்’ என்றால் விரைந்து ஓடுவது. இந்த இரண்டாவது சொல் பிறப்பில் முதலாவதன் ‘ஓட்டு’ வடிவம். ஆங்கிலத்திலோ அந்த இரண்டு சொற்களும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து ‘ரன்’ என்ற ஒரே வடிவமாகிவிட்டன. அதாவது, தமிழ் இரண்டு சொல்லில் சுமக்கிற பாரத்தை ஆங்கிலம் ஒரே சொல்லின் முதுகில் ஏற்றிவிட்டது.

எனக்கு இது பிடிபட்டபோது பெரிய வெளிச்சமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பழைய ஏற்பாட்டின் மிச்சங்கள் ஆங்கிலத்தில் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. ‘சிட்’ என்றால் உட்கார், ‘செட்’ என்பது அதை உட்கார வைப்பது. நம்முடைய ‘இரு – இருத்து’ போல. ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. ‘ஃபால்’ என்றால் விழு, ‘ஃபெல்’ என்றால் மரத்தை வீழ்த்து. பொருள் எண்ணிக்கையில் முன்பு முதலிடத்தில் இருந்த ‘செட்’ ஒரு ‘வைத்தல்’ சொல் என்பதையும், அதைத் தாண்டிய ‘ரன்’ ஓடுதலையும் ஓட்டுதலையும் சேர்த்து விழுங்கிய சொல் என்பதையும் கவனியுங்கள். எதை எடுத்து எங்கே வைத்தாலும், எதைக் கிளப்பி எப்படி ஓட்டினாலும் இந்தச் சொற்கள் வந்து நிற்கும். அப்புறம் பொருள் பெருகாமல் என்ன செய்யும்?

அதனால் ‘ரன்’ வருகிற வாக்கியத்தைப் பார்த்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இங்கே எதுவோ தானாக ஓடுகிறதா, இல்லை யாரோ எதையோ ஓட்டுகிறார்களா? ஆறு, மூக்கு, மோட்டார், பேருந்து, திரைப்படம், மலைமேல் போகிற பாதை, சுவரில் விரிசல், இவையெல்லாம் தானாக ஓடுபவை. தமிழிலும் பாருங்கள், மோட்டார் ஓடுது, பஸ் ஓடுது, படம் நூறு நாள் ஓடுச்சு, சுவத்துல விரிசல் ஓடியிருக்கு என்றுதான் சொல்கிறோம். இவற்றை நீங்கள் தனியாகப் படிக்கவே வேண்டாம், ஏற்கெனவே தெரியும். கம்பெனி, கடை, நிரல், சோதனை, விளம்பரம், குளிக்கத் தொட்டியில் நிரப்பும் தண்ணீர், இவையெல்லாம் ஓட்டப்படுபவை. இந்தப் பக்கம்தான் தமிழ் சற்று விலகிப் போகிறது. ‘குடும்பத்தை ஓட்டுறேன்’ என்போம், ‘கடையை ஓட்டுறேன்’ என்று அவ்வளவாகச் சொல்வதில்லை, ‘கடை நடத்துறேன்’ என்போம்.

இந்த ‘நடத்து’ என்ற சொல்லிடம் கொஞ்சம் நிற்க ஆசை. ‘நட’ என்பதன் பிறவினை அது. ஆங்கிலேயர் கடையை ஓட்டுகிறார், நாம் கடையை நடக்க வைக்கிறோம். கல்யாணம் நடக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, கூட்டம் நடக்கிறது. அவர்களுக்கு ஓட்டம் செய்த வேலையில் ஒரு பங்கை நமக்கு நடை செய்திருக்கிறது. தேர்தலை எடுத்துக்கொண்டால் இன்னும் அழகு. அமெரிக்காவில் ஒருவர் பதவிக்கு ‘ஓடுகிறார்’. பிரிட்டனில் அதே ஆங்கிலத்தில் தேர்தலுக்கு ‘நிற்கிறார்’. நம்மிடமும் தேர்தலில் ‘நிற்கிறார்’தான். ஒரே காரியத்தை ஒரு நாடு ஓட்டமாகப் பார்க்கிறது, இன்னொரு நாடு நிற்பதாகப் பார்க்கிறது. எது சரி என்று கேட்க முடியாது. அமெரிக்கச் செய்தியை மொழிபெயர்க்கும்போது ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதிவிட்டால் மட்டும் அது தப்பு.

பொருள் எப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது என்பதற்கு உங்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் கிரிக்கெட்தான். இரண்டு மட்டையாளர்களும் ஆடுகளத்தில் குறுக்கே ஓடி இடம் மாறினால் ஒரு ரன். அதாவது முதலில் அது நிஜமான ஓட்டம். பதினெட்டாம் நூற்றாண்டில் கணக்கு வைத்தவர்கள் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டு போட்டுக் குறித்தார்கள். அதனால் அப்போது அதற்கு ‘வெட்டு’ என்ற பொருளில் ‘நாட்ச்’ என்றும் ஒரு பெயர் புழங்கியது. பின்னால் ‘ரன்’ என்பது ஓட்டத்தைக் குறிப்பதோடு, ஓட்டத்தால் கிடைத்த எண்ணையும் குறித்தது. எண்ணாகிவிட்ட பிறகு ஓட வேண்டிய அவசியமே இல்லை. பந்து எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு, பறந்து விழுந்தால் ஆறு, அகலப்பந்துக்கு ஒன்று. நின்ற இடத்தில் நின்றபடியே ‘ரன்’ எடுக்கலாம். செயல், அதன் விளைவு, விளைவின் அளவு, கடைசியில் செயலே இல்லாத அளவு. நான்கே எட்டில் சொல் எங்கே வந்துவிட்டது பாருங்கள். 645-இல் பெரும்பாலானவை இப்படிப் பக்கத்துப் பொருளிலிருந்து ஒரு எட்டு வைத்து உண்டானவைதான். முதலையும் கடைசியையும் மட்டும் வைத்துப் பார்த்தால் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும். நடுவில் உள்ள படிகளைப் பார்த்தால் ஆச்சரியம் போய்விடும். இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் இன்றும் ‘ஓட்டங்கள்’ என்றுதான் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் ‘ரன்’ என்றே வைத்துக்கொண்டோம். நான்கு ஓட்டங்கள் என்று படிக்கிற இலங்கை வாசகருக்கு யாரும் ஓடாதது உறுத்துவதே இல்லை. தமிழ்ச் சொல்லும் அதே நான்கு எட்டையும் அங்கே நடந்து முடித்துவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிற எல்லாமே ஒரே சொல் இல்லை. கிரிக்கெட் ‘பேட்’டும் வௌவாலைக் குறிக்கிற ‘பேட்’டும் உறவில்லாத இரண்டு சொற்கள், வடிவத்தில் தற்செயலாக மோதிக்கொண்டன. நம்மிடம் ‘ஓட்டு’ என்ற சொல்லே அப்படித்தான். வண்டி ஓட்டுவது ஒன்று. தேர்தலில் போடும் ஓட்டு ஆங்கில ‘வோட்’டிலிருந்து வந்தது. கூரை வேய்கிற ஓடும், ‘ஓடு ஓடு’ என்று விரட்டுகிற ஓடும் அகராதிகளில் தனித்தனிப் பதிவுகள். ‘ரன்’ அந்த ரகம் இல்லை. அது ஒரே மரம், பல கிளை. அதனால்தான் அதைப் படிக்க முடியும் என்கிறேன். தற்செயலாக மோதிக்கொண்ட சொற்களுக்கு வழிகாட்டும் தர்க்கம் எதுவும் கிடையாது. கிளைகளுக்கு உண்டு.

இயந்திரங்கள் வந்ததால்தான் ‘ரன்’ இவ்வளவு பெருகியது என்று ஒரு விளக்கம் உண்டு. தொழிற்புரட்சிக்குப் பிறகு ரயில் ஓடியது, ஆலை ஓடியது, தறி ஓடியது, கடைசியில் கணினி நிரல் ஓடியது என்பது அந்த வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆலைகளின் காலத்தில் பிறந்த ஒரு தொடர் இன்றும் வாழ்கிறது: ‘ரன் ஆஃப் த மில்’. ஆலையிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வருகிற சரக்கு என்பது அதன் முதல் பொருள். இன்று ‘சாதாரணமான, தனிச்சிறப்பு இல்லாத’ என்பதற்குச் சொல்கிறார்கள். ஆனால் இயந்திரம் மட்டுமே காரணம் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீர் ஓடுவதும் குருதி ஓடுவதும் ஆங்கிலம் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தச் சொல்லில் இருக்கிற பொருள்கள். இயந்திரம் வந்தபோது வளைந்துகொடுக்கிற ஒரு சொல் ஏற்கெனவே தயாராக இருந்தது, அவ்வளவுதான். இதேபோல ‘ட்ரை ரன்’ என்றால் ஒத்திகை. அமெரிக்கத் தீயணைப்புப் படையினர் தண்ணீர் இல்லாமல் செய்த பயிற்சியிலிருந்து அது வந்தது என்று சொல்வார்கள். கதை நன்றாகப் பொருந்துகிறது. இருந்தாலும் பொருந்துகிற கதையெல்லாம் மெய்யாகிவிடாது என்பதால், நான் அதை உறுதியான தகவலாக யாருக்கும் சொல்வதில்லை.

இனி நான் பட்ட இடங்கள். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன்னால் மக்கள் வரிசையில் நின்றார்கள். அந்த நாட்டில் நூறு வருஷத்துக்கு மேல் காணாத காட்சி. அதை ஆங்கிலத்தில் ‘பேங்க் ரன்’ என்பார்கள். அன்றிரவு என் மேசைக்கு வந்த முதல் வரைவில் ‘வங்கி ஓட்டம்’ என்று இருந்தது. படித்தால் வங்கி எங்கோ ஓடிப்போய்விட்டது போலத் தோன்றியது. ‘பணத்தை எடுக்க வங்கியில் முண்டியடித்த மக்கள்’ என்று மாற்றினோம். வங்கி திவாலாகிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மக்கள் போட்ட பணத்தில் பெரும்பகுதியை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும், எனவே எல்லோரும் ஒன்றாகக் கேட்டால் எந்த வங்கியும் தாங்காது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். பெரும்பாலானவர்கள் நாற்காலியை விட்டு எழவே இல்லை, திரையைத் தட்டினார்கள். அதுவும் ‘ரன்’தான். அன்று ‘முண்டியடித்த’ என்று எழுத முடியாது. ‘பணத்தை எடுக்கப் போட்டிபோட்டார்கள்’ என்றுதான் எழுத முடியும். ஆங்கிலச் சொல் மாறவில்லை, தமிழ்ச் சொல் மாற வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தமிழில் நாம் கண்ணால் பார்க்கிற காட்சியைச் சொல்கிறோம்.

அதைவிட நெருக்கமாக ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு செயலிக்குத் தமிழாக்கம் கேட்டு ஒரு நிறுவனம் கோப்பு அனுப்பியது. செயலி மொழிபெயர்ப்பில் முழு வாக்கியம் அபூர்வம். அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரே சொல் இருக்கும், பக்கத்துக் கட்டத்தில் அதற்குத் தமிழ் போட வேண்டும். ‘ஸ்டார்ட் ரன்’ என்று ஒரு கட்டம். ‘லாஸ்ட் ரன்’ என்று இன்னொன்று. ‘ரன் ஃபெயில்ட்’ என்று மூன்றாவது. மென்பொருள்தானே என்று ‘இயக்கத்தைத் தொடங்கு’, ‘கடைசி இயக்கம்’, ‘இயக்கம் தோல்வி’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, சோதித்துப் பார்த்த ஒரு பெண் திரையின் படத்தை எனக்கு அனுப்பினார். மேலே பச்சை நிறத்தில் பூங்கா வரைபடம், நடுவில் ஒரு காலணியின் சின்னம், அதன் கீழே பெரிய பொத்தானில் என்னுடைய ‘இயக்கத்தைத் தொடங்கு’. அது காலையில் ஓடுகிறவர்கள் கட்டிக்கொள்ளும் கைக்கடிகாரத்துக்கான செயலி. அத்தனை வருஷத்தில் ‘ரன்’ உண்மையாகவே ஓட்டத்தைக் குறித்த ஒரே இடத்தில் நான் அதை ஓட்டமாக நினைக்கவில்லை. ‘ஓடத் தொடங்கு’, ‘கடைசியாக ஓடியது’ என்று திருத்தினேன். மூன்றாவது கட்டத்துக்கு மட்டும் அவரிடமே கேட்டேன். அது ஓட்டத்தைப் பற்றியது இல்லையாம், கடிகாரத்துக்குள் தகவல் ஏற்றுகிற நிரல் நின்றுபோனால் வரும் செய்தியாம். ஒரே கோப்பில், அடுத்தடுத்த கட்டங்களில், இரண்டு ‘ரன்’. அன்றிலிருந்து தனிச்சொல்லை எங்கே கண்டாலும், அது எந்தத் திரையில் வருகிறது என்று கேட்காமல் மொழிபெயர்ப்பதில்லை.

மருந்துத் தாள்களில் இன்னொரு பாடம். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ‘ரன்னிங் வாட்டர்’இல் காட்டச் சொல்வார்கள். ‘ஓடும் நீரில் காட்டவும்’ என்று எழுதினால் இலக்கணத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஓடும் நீர் என்றதும் நம் ஊர் மனசில் வாய்க்காலும் ஆறும்தான் வரும். கை வெந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஓர் அம்மாவுக்கு எழுதுகிறோம். ‘குழாயைத் திறந்துவிட்டு, விழுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள்’ என்று எழுதினேன். ‘ரன்னிங் நோஸ்’ மூக்கு ஒழுகுவது, ‘ரன் எ டெம்பரேச்சர்’ காய்ச்சல் அடிப்பது. ஒழுகுவதும் அடிப்பதும் விழுவதும் தமிழில் தனித்தனி வினைகள். ஆங்கிலம் அத்தனைக்கும் ஒரே வினையை வைத்திருக்கிறது.

ஆனால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. இப்போது ‘அடிப்பது’ என்றேனே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறார், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார், கண் அடிக்கிறான், அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு வெளிநாட்டவர் தமிழ் அகராதியைத் திறந்து, ‘அடி’ என்றால் கையால் தாக்குவது என்று படித்துவிட்டு, வெயில் யாரைத் தாக்கியது என்று உங்களிடம் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வெயிலோடு வந்தால் அப்படித்தான் என்பீர்கள். ‘ரன்’னுக்கும் பதில் அதேதான். பக்கத்தில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

இதை இலக்கணமாகவே தொல்காப்பியர் எழுதி வைத்திருக்கிறார். பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், ‘வினையினும் இனத்தினும் சார்பினும்’ அதன் பொருள் தெளியும் என்கிறார். ‘மா’ என்ற சொல்தான் உரைகளில் வரும் உதாரணம். ‘மா பூத்தது’ என்றால் மரம், ஏனென்றால் பூப்பது மரத்தின் வினை. ‘மாவும் மருதும் ஓங்கின’ என்றாலும் மரம், ஏனென்றால் பக்கத்தில் மருதமரம் நிற்கிறது, அது இனம். கவசம் அணிந்து நிற்கிற வீரன் ‘மா கொண்டுவா’ என்றால் குதிரை, அது சார்பு, அதாவது சூழல். என் செயலிக் கோப்பில் எனக்கு இல்லாமல் போனது இந்தச் சார்புதான். மருந்துத் தாளில் என்னைக் காப்பாற்றியது வினையும் இனமும். ஆங்கிலத்தைப் படிக்க இதைவிட நல்ல மூன்று கேள்விகளை நான் எந்த ஆங்கில வகுப்பிலும் கேட்டதில்லை.

ஆங்கிலத்துக்காக இதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ‘ரன்’னுக்குப் பின்னால் வரும் குட்டிச் சொல். ‘அவுட்’, ‘இன்டு’, ‘ஓவர்’, ‘அப்’, ‘டவுன்’, ‘பை’ போன்றவை. இவை பொருளை நிறையவே திருப்பிவிடும். ‘ரன் அவுட்’ என்றால் கிரிக்கெட்டில் ஓடும்போது ஆட்டமிழப்பது. வீட்டில் பால் ‘ரன் அவுட்’ ஆனால் தீர்ந்துபோவது. மணற்கடிகாரத்தில் மணல் ஓடி ஓடி மேல்கிண்ணம் காலியாவதை நினைத்துக்கொண்டால் இரண்டாவது எப்போதும் மறக்காது. ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, அல்லது வண்டி எதன்மீதாவது மோதுவது. எது என்று வினையும் இனமும் சொல்லும். ‘ரன் ஓவர்’ என்றால் வண்டி ஒருவர்மேல் ஏறிவிடுவது, கூட்டமாக இருந்தால் குறித்த நேரத்தைத் தாண்டி இழுப்பது. ‘ரன் அப்’ கடனோடு வந்தால் கடன் ஏறிக்கொண்டே போவது. இவற்றைக் குட்டிச் சொல்லோடு சேர்த்து ஒரே சொல்லாகவே படியுங்கள், பிரித்துப் படித்தால் குழம்பும். ஒரு நோட்டில் பட்டியலாக எழுதி வைப்பதைவிட, நீங்கள் கண்ட வாக்கியத்தை முழுசாக எழுதி, அதன் கீழே உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வீர்களோ அப்படி எழுதுங்கள். இருபது முப்பது வாக்கியம் சேர்ந்த பிறகு நோட்டைத் திறக்கவே வேண்டியிருக்காது. அலுவலக வேலைக்கு இதற்கு மேல் பெரிதாகத் தேவைப்படாது.

கடைசியாக, உங்கள் மேலாளரின் செய்தி. ‘வீ ஆர் ரன்னிங் லோ ஆன் ஸ்டாக். ரன் த நம்பர்ஸ் அண்ட் ரன் இட் பை மீ பிஃபோர் ஃபைவ்’ என்று எழுதியிருக்கிறார். முதல் ‘ரன்’ தானாக ஓடுவது. சரக்கு ஓடி ஓடிக் குறைந்துகொண்டு வருகிறது. இன்னும் தீரவில்லை, தீரப்போகிறது. தீர்ந்திருந்தால் ‘அவுட்’ வந்திருக்கும். இரண்டாவது ஓட்டுவது. எண்களை ஓட்டிப் பார், அதாவது கணக்குப் போட்டுப் பார்: எவ்வளவு இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது, எத்தனை நாள் தாங்கும், எவ்வளவு வாங்க வேண்டும். மூன்றாவதும் ஓட்டுவதுதான், ஆனால் ‘பை மீ’ சேர்ந்திருக்கிறது. என் பக்கமாக ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டுப் போ என்கிறார். சொல்லளவில் அது கருத்துக் கேட்பதுதான், அனுமதி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் சொல்லும்போது, ‘நான் பார்க்காமல் ஆர்டர் போட்டுவிடாதே’ என்று எடுத்துக்கொள்வதுதான் பத்திரம். நம் வழக்கில் சொன்னால், ‘சரக்கு குறைஞ்சுட்டு வருது. கணக்குப் போட்டு, அஞ்சு மணிக்குள்ள என்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.’ கணக்கை ஒரு தாளில் எழுதி நாலே முக்காலுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.